அப்பாவைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தது

என் போனுக்குள் இருக்கும் அந்த ஏஜெண்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை. “அது வெறும் மெஷின், அது மேல போய் யாராவது கோவப்படுவாங்களா?” என்று என் மனைவி கேட்கிறாள். ஏன் படக்கூடாது? என் அப்பாவின் திதியைத் தூக்கிச் சனிக்கிழமையில் வைத்ததே, அதன் மேல் படாமல் வேறு யார் மேல் படுவது?

துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் உற்பத்தித் திட்டம் பார்ப்பது என் வேலை. போன வருடம் முதலாளி எங்கள் எல்லோருடைய ஆன்லைன் காலண்டரிலும் ஓர் ஏஐ ஏஜெண்டைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். “இனிமே மீட்டிங்கை நீங்க போட வேணாம் சார். அதுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். அதுவே போடும், அதுவே மாத்தும், அதுவே எல்லாருக்கும் சொல்லிடும்” என்றார். அதுவே, அதுவே என்று அவர் அடுக்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது? லாரி வரும் நேரம், இன்ஸ்பெக்‌ஷன், பல் டாக்டர் என்று எல்லாவற்றையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஹாயாக இருந்தேன். சோம்பல் ஏற ஏற, ‘ஒரே நேரத்தில் இரண்டு வேலை வந்தால் என்னைக் கேட்காதே, நீயே பார்த்துத் தள்ளி வை’ என்று ஒரு நிரந்தர உத்தரவும் போட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அப்பா போய் நான்கு வருடமாகிறது. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வைத்து எங்கள் மூன்று பேரையும் வளர்த்தவர், ரிட்டையரானதும் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கினார். அம்மா இப்போது அதில் தனியாக இருக்கிறாள். அப்பாவின் திதி ஆவணித் தேய்பிறை தசமி. அன்று காலையில் நானும் தம்பியும் காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம் கொடுப்போம். பிறகு வீட்டில் படையல். மொட்டை மாடியில் வைக்கும் சோற்றைக் காக்கா எடுக்கும்வரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரையும் அதுவரை கிடையாது. சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை. அதனால் பதினோரு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்து அவளைச் சாப்பிட உட்கார வைப்பதுதான் அன்றைக்குப் பிள்ளைகள் எங்களுக்கு இருக்கிற ஒரே வேலை.

தேதி வருடத்துக்கு வருடம் மாறும். தினசரி காலண்டரைப் புரட்டி அம்மாதான் பார்த்துச் சொல்வாள். இந்த வருடம் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டாள். “செவ்வாக்கிழமை வருதுப்பா. மறந்துடாத.”

நான் ஏன் மறக்கப் போகிறேன், அதுதான் ஆள் வைத்திருக்கிறேனே. அங்கேயே போனை எடுத்து ஏஜெண்டிடம் சொல்ல ஆரம்பித்தேன். மனைவி தடுத்தாள். “திதின்னு போடாதீங்க. ஆபீஸ்ல எல்லாரும் பாக்குற காலண்டர். அந்த வார்த்தை எதுக்கு அதுல?” எங்கள் வீட்டில் அப்படித்தான். அந்த வார்த்தையை எழுதவே மாட்டார்கள். அம்மாகூடத் தினசரி காலண்டரில் அந்த நாளின் தாள் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளிதான் வைப்பாள். அதனால் ‘அப்பா, ஸ்ரீரங்கம், காலை’ என்று மட்டும் போடச் சொன்னேன். சென்னையில் இருக்கும் தம்பிக்கும் வையம்பட்டியில் டீச்சராக இருக்கும் தங்கைக்கும் அழைப்பு அனுப்பச் சொன்னேன். நொடியில் அனுப்பியது.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின வாரம், அந்தத் திதி நாள் காலை பத்தரைக்கென்று முதலாளி ஒரு ரெவ்யூ மீட்டிங் போட்டார். இரண்டும் மோதின. என் உத்தரவுப்படி ஏஜெண்ட் என்னைக் கேட்கவில்லை. மீட்டிங்கைத் தொடவில்லை, அப்பாவைத் தள்ளியது. மூன்று பேரும் சும்மா இருக்கிற நாள் எது என்று தேடி, சனிக்கிழமை என்று கண்டுபிடித்து, எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டது. லீவு போட வேண்டாம் என்ற சந்தோஷத்தில் தம்பி ‘சரி’யை அழுத்தினான். தங்கையும் அழுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை காலண்டரில் மீட்டிங் மட்டும்தான் இருந்தது, எனக்கும் வேறெதுவும் ஞாபகம் வரவில்லை. நான் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு மீட்டிங்கில் இருந்தேன். ஒரு மணிக்கு வெளியே வந்து பார்த்தால் அம்மாவிடமிருந்து ஆறு தவறிய அழைப்புகள். தங்கையிடமிருந்து ஒன்று. தங்கையைக் கூப்பிட்டேன்.

“அண்ணா, இன்னைக்குத்தானாமே? அம்மா காலையிலேர்ந்து உக்காந்திருக்காங்களாம். சனிக்கிழமைன்னுல்ல வந்துச்சு? நீங்க ஐயரைக் கேட்டு மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நான் எங்க மாத்துனேன்?” என்று கத்தினேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

காரில் ஏறும் முன் அதனிடமே கேட்டேன். யாரைக் கேட்டு மாற்றினாய்? பதில் பணிவாக வந்தது. ‘சிரமத்துக்கு மன்னிக்கவும். இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் இருந்தன. உங்கள் அப்பாவைச் சந்திப்பது சனிக்கிழமை எல்லோருக்கும் வசதியாக உள்ளது. அப்பாவுக்கும் தகவல் அனுப்பட்டுமா? அவருடைய மின்னஞ்சல் முகவரியைத் தரவும்.’

போனை சீட்டில் வீசிவிட்டு வண்டியை எடுத்தேன். பால்பண்ணைச் சந்திப்பில் டிராஃபிக், காவிரிப் பாலத்திலும் டிராஃபிக். நாலு மணி நேரம் சோறில்லாமல் இருந்தாலே அம்மாவுக்குக் கை நடுங்கும். வழியெல்லாம் அந்த ஏஜெண்டை, முதலாளியை, ‘சரி’யை அழுத்திய இரண்டு கழுதைகளைத் திட்டிக்கொண்டே போனேன்.

இரண்டரை மணிக்குக் கதவைத் திறந்தபோது அம்மா கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் குளித்துக் கட்டிய புடவை. அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு, சமைத்தது எல்லாம் ஆறிக் கிடந்தது. சோற்றை அவளே மாடிக்கு எடுத்துப் போய் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். காக்கா எடுத்ததா என்று மறுபடி ஏறிப் பார்க்க முடியவில்லையாம்.

மாடிக்கு ஓடிப் பார்த்தேன். சோறு இல்லை. வந்து சொன்னேன். வாழைக்காய்க் கறியைச் சோற்றோடு பிசைந்து அவள் கையில் கொடுத்தேன். நாலு வாய் உள்ளே போன பிறகுதான் பேசினாள்.

“யாருப்பா மாத்துனது?”

போனை நீட்டி விளக்கினேன். இந்த ஏஜெண்ட்தான் மாத்திச்சும்மா, நாங்க இல்ல என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தம்பி பெயர், பக்கத்தில் ஒரு டிக். தங்கை பெயர், ஒரு டிக். என் பெயர். அதிலும் ஒரு டிக் இருந்தது. ஏதோ ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டே, என்னவென்று படிக்காமல், நானும் ‘சரி’யை அழுத்தியிருக்கிறேன்.

அம்மா விரலால் அந்த மூன்று பெயர்களையும் மேலிருந்து கீழே ஒருமுறை தடவிப் பார்த்தாள். திரை நகர்ந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“எல்லாரையும் கேட்டிருக்கு,” என்றாள். “என் பேரை நீ அதுல போடலையாப்பா?”