127.3-இல் வந்த குரல்

"காலை 10.40. ஸ்கேனர். கோடு 127.3. ஸ்டெல்லா. பிரம்மதேசம், திண்டிவனம் வழி." போன ஐப்பசி வெள்ளத்தின்போது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு என் பதிவேட்டில் நான் எழுதிய வரி இது. வயர்லெஸ் தெரிந்த எவரும் இது தப்பு என்பார்கள், வேறொருவர் எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போனாலும் மனைவிக்குத் துணையாகப் போய்க் கடைப்பக்கம் நின்றுவிட்டு வருகிற ஆள் நான்.

கோடு என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே அலைவரிசையில் பலர் பேசுவார்கள். அதனால் வெள்ள நேரத்தில் உதவும் எங்கள் வயர்லெஸ் குழுவின் கருவிகள் பேச்சுக்கு அடியில் ஒரு மெல்லிய ரீங்காரத்தையும் சேர்த்து அனுப்பும், அது நம் காதில் விழாது. அந்த ரீங்காரத்தின் எண்தான் கோடு. அதே எண்ணை வைத்த கருவி மட்டும் வாய் திறக்கும், மற்றவை ஊமையாகவே கிடக்கும். கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத இந்தப் பூட்டை யோசித்தவனை நான் இன்றும் மனதுக்குள் கும்பிடுகிறேன். எங்கள் எண் 123.0. அன்று காலை, பேச முடியாமல் கேட்க மட்டும் உதவும் சிறு கருவியான ஸ்கேனரில் எண்ணைப் பதியும்போது பட்டியலில் ஒரு வரி தள்ளிப் பார்த்து 127.3 என்று போட்டுவிட்டேன். அது அப்போது எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லா திண்டிவனத்தில் ஆசிரியை, உரிமம் பெற்ற அமெச்சூர் வயர்லெஸ்காரர். செல்போன் கோபுரம் படுத்துவிட்ட ஊர்களுக்கு அவரே போய் அங்கிருந்து செய்தி சொல்வார், அவரைப் போல நிதானமாகப் பேச எங்களில் யாருக்கும் வராது. பத்து இருபதுக்கு விழுப்புரத்தில் என் மேஜையிலிருந்த பெரிய கருவியில் அவர் குரல் வந்தது. பிரம்மதேசத்தில் தேவசகாயம் என்கிற கூலித் தொழிலாளிக்கு டயாலிசிஸ் தவறி இரண்டு நாளாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது, வீட்டைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர், டிராக்டர் வேண்டும் என்றார். அதோடு குரல் அறுந்துவிட்டது.

பிரம்மதேசம் என்றதும் எனக்கு எண்ணாயிரத்துக்குப் பக்கத்திலுள்ள ஊர்தான் நினைவுக்கு வந்தது. அங்குள்ள சோழர் கோயில் கல்வெட்டுகளைப் பல வருடம் படித்தவன், படித்த படிப்பு அப்படித்தான் வேலை செய்தது. டிராக்டர்காரர் குமாருக்கு செல்போனில் லைன் கிடைக்கக் கால் மணி நேரமாயிற்று, அவரை அங்கே அனுப்பினேன். நம்புங்கள் நம்பாமல் போங்கள், போனை வைத்துச் சரியாக ஒரு நிமிடத்தில், காலையிலிருந்து ஊமையாகக் கிடந்த ஸ்கேனர் வாய் திறந்தது.

"அண்ணா, கோயிலு பிரம்மதேசம் இல்ல. திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் போற ரோட்டுல இருக்குற பிரம்மதேசம். மறுபடி சொல்றேன், மரக்காணம் ரோடு."

ஸ்டெல்லாவின் குரல், அவருடைய அதே நிதானம். குமாரை உடனே நிறுத்திவிட்டுத் திண்டிவனத்திலேயே வேறு டிராக்டர் பிடித்தோம். மதியத்துக்குள் தேவசகாயம் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிழைத்துக்கொண்டார். குமார் போகவிருந்த ஊருக்கும் அந்த வீட்டுக்கும் இடையே பாதி மாவட்டம் இருந்தது.

மாலையில் ஸ்டெல்லா திண்டிவனம் திரும்பியதும் போன் செய்தார். சரியான நேரத்தில் திருத்தினீர்களே என்று நான் பாராட்டினேன்.

"நான் எங்கண்ணா திருத்தினேன்? மொதோ தடவ பேசிக்கினு இருக்கும்போதே பேட்டரி போச்சு. டிராக்டர் வர்ற வரைக்கும் செத்துப்போன வயர்லெஸ் செட்டைக் கையில வச்சிக்கினு ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்."

அதற்குப் பிறகுதான் ஸ்கேனரில் கோடு எண்ணைப் பார்த்தேன். சரியான எண் வைத்த பெரிய கருவி அந்த நேரத்தில் மூச்சுவிடவில்லை, தப்பான எண் வைத்தது பேசியிருக்கிறது. மறுநாள் அவரை இருபது முறை பேசச் சொல்லிப் பார்த்தேன், 127.3 ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஸ்டெல்லா சிரித்தார். "யார் பேசியிருந்தா என்னண்ணா, ஊரைச் சரியா சொன்னாங்களே. நீங்கதான் படிச்சவரு, தப்பா அனுப்புனீங்க."

வேறு யாரோ ஒருவர் 127.3 வைத்த கருவியில் பேசியிருக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். இருக்கலாம். ஆனால் நான் கோயில் பிரம்மதேசத்துக்கு ஆள் அனுப்பியதை குமாரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, அதுவும் செல்போனில். அன்று அந்தப் பக்கத்தில் அப்படியொரு கருவி இருந்ததா என்று திண்டிவனம், மரக்காணம் நண்பர்கள் எல்லோரிடமும் விசாரித்துவிட்டேன். இந்த வரியை எழுதும்வரை, இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.