காணாமல் போன ஏழாவது அறை

எங்கள் மேசைக் கணினிக்குள் இருப்பது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். அதை நான் ஏழாகப் பிரித்து வைத்திருந்தேன். பார்ட்டிஷன் என்று சொன்னால் என் மனைவிக்கு எரிச்சல் வரும் என்பதால் வீட்டில் அதற்கு அறை என்று பெயர். முதல் மூன்று அறைகள் விண்டோஸுக்கு. நான்காவது உண்மையில் அறை இல்லை, ஒரு கூடம். அதற்குள் ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று சிற்றறைகள். ஐந்து பல வருடங்களாகக் காலி. ஆறில் லினக்ஸ். ஏழில் மனைவியின் புத்தகம்.

புத்தகம் என்றால் அச்சான புத்தகம் இல்லை. அவள் ஓய்வு பெறும்வரை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற பக்கத்து ஊரில் விவசாய ஆராய்ச்சியில் இருந்தாள். களைகள்தான் அவள் துறை. ஓய்வுக்குப் பிறகு, கியூபெக்கில் நாங்கள் இருக்கிற இந்தத் தீவில் நடைபாதை ஓரத்தில் முளைக்கிற செடிகளைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கினாள். நாற்பத்தொரு செடிகள், செடிக்கு ஓர் அத்தியாயம். படங்களும் அவளே எடுத்தவை. சென்னையில் ஒரு பதிப்பாளர் முழுப் பிரதியையும் திங்கட்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்.

நான் மின்பொறியாளனாக இருந்தவன். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. எங்கள் தெருவில் மேப்பிள் மரங்கள் பதினான்கு, அதில் ஒன்று அரைகுறை. வெளியே கிளம்பும் முன் அடுப்பின் ஐந்து குமிழ்களையும் எண்ணித் தொட்டுப் பார்ப்பேன்; காரில் ஏறிய பிறகு இறங்கி வந்து மறுபடியும் பார்ப்பேன். இப்படிப்பட்டவனிடம் பிரதி எடுக்கும் வேலை இருந்தால் எதுவும் தொலையாது என்று மனைவி நம்பியிருந்தாள். நம்பியதில் தப்பில்லை. வெளி டிஸ்க் ஒன்றில் ஒழுங்காகப் பிரதி எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கடைசியாக எடுத்தது வாசலில் பனி இடுப்பளவு கிடந்தபோது. அதற்குப் பின் அவள் கடைசி ஆறு அத்தியாயங்களையும் அடியோடு மாற்றி எழுதிவிட்டாள். இதற்கிடையே ஏழாவது அறை நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டத் தொடங்கியது. முதலில் அறையைப் பெரிதாக்கிவிடுவோம், பிறகு ஒரே தடவையாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செய்ய வேண்டிய வரிசை அதற்கு நேர்மாறானது.

அது ஏப்ரல் மாதத்தின் ஒரு சனிக்கிழமை காலை. விண்டோஸ் பக்கம் போய், காலியாகக் கிடந்த ஐந்தாவது அறையை அழித்தேன். அழிக்கும் முன் அதன் அளவைப் பார்த்தேன், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், மறுபடியும் அளவைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அந்த இடத்தை லினக்ஸிலிருந்து மனைவியின் அறையோடு சேர்த்துவிடலாம் என்று கணினியை அணைத்துப் போட்டேன்.

கறுப்புத் திரை வந்தது. அமைப்பு தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. கிரப் என்பது கணினி எழுந்ததும் முதலில் ஓடுகிற பூட்லோடர். எந்த அறைக்குப் போக வேண்டும் என்று நம்மைக் கேட்டு, அங்கே கொண்டுபோய் விடுகிற வாசல்காரன். விண்டோஸானாலும் லினக்ஸானாலும் அவன் வழியாகத்தான் போக வேண்டும். அன்று அவனே வழி தெரியாமல் நின்றான்.

சமையலறையில் மனைவி காபிப் பொடி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தஞ்சாவூர்ப் பக்கம். அந்த ஊரில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், லாபம் என்பார்கள். இவள் அதைக் கரண்டிக்கும் வைத்துக்கொண்டிருக்கிறாள். "லாபம், ரெண்டு, மூணு" என்று குரல் வந்தது. பிறகு டம்ளரோடு அவளே வந்தாள்.

"ஏன் கறுப்பா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் நேரமாகும்."

"நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னா ரெண்டு மூணு இருக்குன்னு அர்த்தம். என்ன பண்ணினீங்க?"

சொன்னேன். காலி அறையைத்தான் அழித்தேன் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இப்படிப்பட்ட சமயத்துக்கென்று ஒரு பென் டிரைவ் தயார் செய்து வைத்திருந்தேன். மேசை இழுப்பறையில் பதினொரு பென் டிரைவ்கள் இருந்தன. ஒன்றில் பேத்தியின் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்து விழாப் படங்கள், இன்னொன்றில் பழைய வரிக் கணக்கு. எனக்கு வேண்டியது மட்டும் அந்தப் பதினொன்றில் இல்லை. கைப்பேசியில் தேடினேன். அந்தக் கறுப்புத் திரையிலேயே சில கட்டளைகள் வேலை செய்யும் என்று போட்டிருந்தது. முதலாவது, டிஸ்க்கில் என்னென்ன அறைகள் இருக்கின்றன என்று கேட்கும் கட்டளை. இரண்டே எழுத்து. அடித்தேன்.

ஆறு, ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று என்று பின்னாலிருந்து முன்னால் காட்டியது. நான்கு கூடம் என்பதால் வராது, அது எனக்குத் தெரியும். மறுபடி எண்ணினேன். அழித்த ஐந்து இருந்தது. அழிக்காத ஏழு இல்லை.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். டம்ளரை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள்.

"ஒவ்வொரு அறை நம்பருக்கும் முன்னாடி பூஜ்யம்னு போட்டிருக்கே, அது என்ன?"

"டிஸ்க்கை அது பூஜ்யத்திலேருந்து எண்ணும். அறைகளை மட்டும் ஒண்ணுலேருந்து."

"பூஜ்யம்னு ஆரம்பிச்சா எப்படி வெளங்கும்?" என்றாள். பிறகு, சிரிக்காமல், "என்னோடது எங்க?" என்று கேட்டாள்.

ஆறாவது அறையைத் திறந்து பார்த்தால் லினக்ஸாவது பிழைத்திருக்கிறதா என்று தெரியும். அதற்குச் சாய்கோடு ஒன்று அடிக்க வேண்டும். எங்களுடையது கடையில் விலை குறைத்துக் கொடுத்தபோது வாங்கிய கியூபெக் பிரெஞ்சு விசைப்பலகை. அந்தக் கறுப்புத் திரைக்கோ அமெரிக்க விசைப்பலகை மட்டும்தான் தெரியும். எந்த விசையை அழுத்தினாலும் வேறு ஏதோ வந்தது. கடைசியில் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தை அழுத்தியபோது சாய்கோடு கிடைத்தது. ஆறாவது அறை பதில் சொன்னது: இதன் அமைப்பு எனக்குத் தெரியாது.

ஆக, ஏழைக் காணோம், ஆறு கெட்டுவிட்டது, வேண்டாத ஐந்து மட்டும் பத்திரமாக இருக்கிறது. கை தவறி அவளுடைய அறையைத்தான் அழித்துவிட்டேன் என்று முடிவுக்கு வந்தேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

"அந்தக் கடைசி ஆறையும் திரும்ப எழுதணும்னா திங்கட்கிழமைக்குள்ள முடியாது" என்றாள். பிறகு, "திங்கட்கிழமைன்னு இல்ல. அந்த மாதிரி இனிமே வராது" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஐந்து வயது இளையவர். என் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சனிக்கிழமைகளில், நாங்கள் குடியிருக்கும் கர்க்லாண்டிலிருந்து எங்களை டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோவிலுக்குக் கூட்டிப்போவது அவர்தான். அங்கே மதியச் சாப்பாட்டில் பந்தியைக் கவனிப்பதும் அவர்தான். கோவிலில் சத்தமாக அவர் குரல் கேட்டால் யாரோ வரிசையில் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள்.

"என்ன அண்ணை, இன்னும் வெளிக்கிடேல்லையோ? முகம் செத்தவீட்டு முகமாக் கிடக்கு."

"ஒரு அறையைக் காணோம்."

"வீட்டிலை அறை காணாமல் போற அளவுக்கு நீங்கள் எண்ணாமல் விட்டனீங்களோ?"

"என் புத்தகம் இருந்த அறை" என்றாள் மனைவி.

அவர் முகம் மாறியது. காலணியைக் கழற்றிவிட்டு வந்து, திரையை எட்டிப் பார்த்தார். "எனக்கு இந்தக் கொம்பியூட்டர் ஒண்டும் விளங்காது அக்கா. இருந்தாலும் பாவமாக் கிடக்கு" என்றார். ஒரு நிமிடம் பொறுத்தார். பிறகு அவரால் முடியவில்லை. "நான் போகோணும் அண்ணை. இண்டைக்குப் பந்தியிலை நான் நிக்காட்டில் சரிவராது. போன கிழமை பாத்தனீங்கள்தானே? நடுவிலை ஒருத்தர் போன் வந்ததெண்டு எழும்பிப் போட்டார். ஒருத்தரும் தள்ளி இருக்கேல்லை. வெறும் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலை நான் சாம்பார் வாளியோடை நிக்கிறன்! ஒராள் எழும்பினா மிச்சப் பேர் தள்ளி இருக்க வேணும். நடுவிலை வெறும் இடம் விடக்கூடாது. எத்தினை தரம் சொல்லுறது?"

நான் திரையைப் பார்த்தேன். ஆறு, ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று.

"அஞ்சாவது ஆள் எழுந்து போயிட்டா, தள்ளி உட்கார்ந்த பிறகு அஞ்சாவது இடத்துல யார் இருப்பாங்க?"

"ஆறாவதா இருந்தவர். இதென்ன கேள்வி அண்ணை?"

"ஏழாவதா இருந்தவர்?"

"ஆறிலை. ஏழிலை ஒருத்தரும் இல்லை. அக்கா, இவருக்கு என்ன நடந்தது?"

இத்தனை வருடமாக அறை எண்களை நான் வீட்டு எண்களைப் போல நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டின் எண் மாறாது. தபால் அதன்பாட்டுக்கு வரும். முதல் நான்கு எண்களும் அப்படித்தான். ஆனால் பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில், அந்தக் கூடத்துக்குள் இருப்பவை வீடுகள் இல்லை, பந்தி. ஐந்து எழுந்து போனதும் ஆறு ஐந்தாகவும் ஏழு ஆறாகவும் தள்ளி உட்கார்ந்துவிட்டன. வாசல்காரன் மட்டும் பழைய எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஆறாவது இடத்தில் லினக்ஸைத் தேடியிருக்கிறான். அங்கே உட்கார்ந்திருந்தது மனைவியின் அறை. அதை விண்டோஸும் படிக்க வேண்டும் என்று விண்டோஸ் முறையில் அமைத்தவன் நான்தான். மீட்பு நிலையில் இருக்கிற அந்தச் சின்ன நிரலுக்கு அந்த முறை தெரியாது. தெரியாது என்றுதான் அது சொன்னது. கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை.

இதெல்லாம் ஊகம்தானே என்ற பயம் போகவில்லை. ஐந்தாவது அறையைத் திறக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தேன். என்டர் விசையை மனைவி அழுத்தினாள், என்னால் முடியவில்லை என்று பார்த்துவிட்டு.

பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. பூட், ஹோம், இன்னும் பல. லினக்ஸ் முழுதாக அங்கே இருந்தது.

"ஐந்தில்தான் இருக்கிறது" என்று வாசல்காரனுக்குச் சொல்ல ஒரு வரி, அவனை இயல்பு நிலைக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு. கறுப்புத் திரை போய்ப் பழைய பட்டியல் வந்தது. லினக்ஸைத் தேர்ந்தேன். அது எழுந்து வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் போகவில்லை.

மனைவியின் அறை திறந்தது. லினக்ஸ் அறைகளை எண்ணால் இல்லாமல் ஒவ்வொன்றுக்கும் உரிய நீண்ட அடையாளத்தால் தேடுவதால் அதற்கு ஒரு குழப்பமும் இல்லை. நாற்பத்தொரு கோப்புகள். நான் எண்ணி முடிப்பதற்குள் அவள் கடைசி அத்தியாயத்தைத் திறந்துவிட்டாள். டேன்டிலியன், புல்வெளியில் மஞ்சளாகப் பூக்கிற களை. முதல் பத்தியைத் தனக்குள் படித்தாள். பிறகு நடுவில் ஓர் இடம், பிறகு முடிவு. "எல்லாம் இருக்கு" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இதுல ஒரு வார்த்தை தப்பு. திருத்தணும்."

"பேந்து திருத்தலாம் அக்கா, முதல்லை கொப்பி எடுங்கோ!" என்று கத்தினார் பக்கத்து வீட்டுக்காரர். கணினி ஒன்றும் விளங்காது என்றவர்.

எடுத்தோம். வாசல்காரனுக்குப் புது எண்ணை நிரந்தரமாகச் சொல்லிவைக்கும் கட்டளையைக்கூட அதற்குப் பிறகுதான் கொடுத்தேன். அணைத்துப் போட்டேன், ஒழுங்காக எழுந்தது. திருப்திக்காக இன்னொரு தடவை அணைத்துப் போடப் போனபோது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுப்பு மாதிரி இதையும் ஆரம்பிக்காதீங்க."

காரில் எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. சென்ட்-ரெஜிஸ் சாலை ஓரத்தில் அழுக்குப் பனி கரைந்து ஓடியது. சாதாரணமாக அந்தப் பாதையில் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போவேன். அன்று கோவில் வந்த பிறகுதான், எண்ணவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

முதல் பந்தி முடிந்திருந்தது. இரண்டாவதில் உட்கார்ந்தோம். மனைவி வெளி டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்; அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். சாதம் போட வந்த பக்கத்து வீட்டுக்காரர், "பையைக் கீழை வையுங்கோ அக்கா, சாம்பார் ஊத்துப்படும்" என்றார்.

"பரவாயில்ல, சிந்தாம போடுங்க" என்றாள்.

எனக்கு இடப்பக்கம் ஒருவர் பாதியில் எழுந்து போனார். யாரும் சொல்லாமலே நான் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். என் பின்னாலேயே மனைவியும், ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் பையுமாக, தள்ளி வந்தாள்.