அழுதால்தான் வரி

பிரசவ ஆஸ்பத்திரியில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை என்றால், பிறந்த குழந்தைக்குப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவது; குழந்தை அழுதால்தான் வரி, அழாவிட்டால் இல்லை என்பது மேட்ரனின் சட்டம். பதிவேடுகளோடு மல்லாடும் தோழர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

பெயர் எங்கே?

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் தகப்பனானார். குழந்தையின் பெயர் என்ன என்று பதிவேட்டைப் பார்த்தபடியே கேட்டேன். முகம் பார்த்துப் பேச எனக்கு வராது. பதினாறாம் நாள்தான் வைப்போம் என்றார். பெயரில்லாத ஆளை எப்படி எழுதுவது என்று முனகினேன்.

“இப்பத்தான் வந்த விருந்தாளி, கிராணியம்மா. உள்ள வந்து உக்காரட்டும், அப்புறம் பேர் கேக்கலாம்.”

நாலாம் மாதமா, முதல் நாளா?

மருந்து கலக்கும் காதர் பாய்க்கும் ஆயா பிலோமினாவுக்கும் தினமும் மத்தியானம் இதே சண்டை. நாலாம் மாதம்தான் உயிர் ஊதப்படும் என்பார் பாய். தரித்த அன்றே ஆள்தான் என்பாள் ஆயா. பிழைக்குமா என்று சந்தேகப்படும் குழந்தையின் தலையில் தெளிக்க ஒரு போத்தல் தண்ணீர் எப்போதும் வைத்திருப்பாள். தத்துவம் படித்தவள் என்று தீர்ப்பை என்னிடம் விட்டார்கள். நான் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்திருந்த நிறைமாத முனியம்மா, கட்டிலில் படுத்தபடியே தீர்த்துவைத்தாள். முன்பு அவளுடைய இரண்டு பிள்ளைகள் அழாமலே போயிருந்தன. இரண்டுக்கும் வரி இல்லை.

“உதை வாங்குறவ நானு. ஆள் வந்து அஞ்சு மாசமாச்சு. இதையாச்சும் எழுதிருங்க, கிராணியம்மா.”

பென்சில் வரி

மறுநாள் அவளுக்குப் பிறந்தது, அழவில்லை. மேட்ரன் தலைகீழாகப் பிடித்துத் தட்டியும் சத்தமில்லை. நேரம் குறிக்கக் கதவோரம் நின்ற என்னிடம், எழுத வேண்டாம் என்று தலையசைத்தார். முனியம்மா என் கையையே பார்த்தாள். மேட்ரன் எதிரே தும்மக்கூடப் பயப்படுகிற நான், ஏனோ எழுதினேன்: முனியம்மா, பெண் குழந்தை. பென்சிலால்தான்; என் வீரம் அவ்வளவுதான்.

அதற்குள் பிலோமினா போத்தலைத் திறந்துவிட்டாள். பதற்றத்தில் தெளிக்கவில்லை, முழுவதையும் கவிழ்த்தாள். காலையிலிருந்து ஐஸ் பெட்டியில் கிடந்த தண்ணீர். குழந்தை போட்ட கத்தல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். வாசலில் நின்ற பாய், முருகனைக் கும்பிடுகிறவள் பிள்ளைக்கு யாரைக் கேட்டு ஞானஸ்நானம் என்று ஆயாவைப் பிடித்துக்கொண்டார். மேட்ரன் என் பதிவேட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கை கழுவப் போனார். கட்டிலிலிருந்து முனியம்மா குரல் கொடுத்தாள்.

“தண்ணி எந்தச் சாமியோடதா இருந்தா என்ன, பாய். கிராணியம்மா, இப்ப மையில எழுதுங்க.”

ஆள் எப்போது ஆளாகிறது என்பதற்குக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தும் பிடிபடாத பதில் ஆஸ்பத்திரியில் கிடைத்தது: முதலில் தாய் சொல்ல வேண்டும், அப்புறம் பென்சில், கடைசியாகத்தான் மேட்ரன்.