பலகையில் ஒரு கறுப்பு வளையம்

எங்கள் திருப்பதி வீட்டு மாடியில், பலகைத் தளத்தின் ஓர் ஓரத்தில், துளசி ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவே, பூந்தொட்டியின் அடிப்பாகம் அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோர் கண்ணும் அதில்தான் விழும். “தேய்த்து பாலிஷ் போட்டால் போய்விடுமே” என்பார்கள். நான் காபி கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

அந்தத் தளம் என் வீட்டுக்காரரின் செல்லப் பிள்ளை. மலையைப் பார்த்தபடி சாயங்காலம் உட்காரவேண்டும் என்று மொட்டைமாடி சிமெண்டுக்கு மேல் மரம் பதித்து, அதற்கு ‘டெக்’ என்று பேரும் வைத்தார். தினமும் துணியோடு போய்த் துடைப்பார். என் முகத்தை அவர் அவ்வளவு அக்கறையாக ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அவருடைய அக்கா, என் நாத்தனார், புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தார். கணவர் போனபின் அங்கே அவருக்கு யாருமில்லை. ஆள் பஸ்ஸில் வந்தார்; துளசி, கனகாம்பரம், மருவு என்று தொட்டிகள் மினிவேனில் வந்தன.

தம்பியின் பலகை பாழாகக் கூடாது என்று நாத்தனாருக்கும் கவலைதான். வைக்கோலை முறுக்கி, பானை உருளாமல் உட்கார வைப்போமே, அந்தப் பிரிமணை செய்து ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் வைத்தார். பார்க்க அழகாக இருந்தது. நாங்கள் மெச்சிக்கொண்டோம். சமையலறைத் தரைக்குச் சரியாக இருப்பது மரத்துக்கும் சரியாக இருக்கும் என்று மூன்று பேருமே நம்பினோம். மழைக்காலம் முழுக்க அந்த வைக்கோல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பலகையோடு ஒட்டிக் கிடந்தது யாருக்குத் தெரியும்?

கார்த்திகை தீபத்துக்குச் சுத்தம் செய்யத் துளசித் தொட்டியைத் தூக்கியபோது தெரிந்தது. மற்ற தொட்டிகளுக்கு அடியில் லேசான ஈரம்தான்; தினமும் தண்ணீர் வாங்கிய துளசிக்கு அடியில் வளையமாகக் கறுத்து, நகம் பட்டால் இறங்கும் அளவுக்கு மரம் ஊறிப்போயிருந்தது. என் வீட்டுக்காரர் உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்; கறுப்பு போகவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“நல்லதுன்னு நெனச்சித்தான்டா வச்சேன். ஈரத்தைப் புடிச்சி வச்சிக்கினு இருந்துக்குது பாரு” என்றார் நாத்தனார். இவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை நாத்தனார் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மினிவேன்காரருக்கு போன் செய்தாயிற்றாம். “செடிங்களும் நானும் மண்ணுல கெடந்தவங்கம்மா. பலகை மேல எங்களுக்கு இன்னா வேலை?” என்றார். இந்த மனத்தோடு போனால் திரும்பி வரமாட்டார். அங்கே ஒருவாய் சோறு பொங்கித் தரவும் ஆளில்லை. என் வீட்டுக்காரரைத் தேடினால் ஆளையே காணோம்.

வேன் வந்து நின்ற பிறகுதான் வந்தார், ஆட்டோ நிறைய இரும்பு ஸ்டாண்டுகளோடு. வெல்டிங் கடையில் கூடவே நின்று செய்து வாங்கியிருக்கிறார். கால்களுக்கு ரப்பர் மூடி, தொட்டிக்கு அடியில் தண்ணீர் பிடிக்கத் தட்டு, தட்டுக்கும் பலகைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. மன்னிப்பு, சமாதானம் எதுவும் கிடையாது.

“வேன்காரனை அனுப்பிட்டேன். இந்தாண்ட புடிக்கா, துளசியை ஏத்தலாம்.”

நாத்தனார் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தார். “இழுக்காதடா, தூக்கு. கீறல் வுழும்.”

அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்காவும் தம்பியும் தொட்டிகளை நகர்த்தி, தட்டுத் தண்ணீரைக் கொட்டி, பலகையைக் காயவிட்டார்கள். சண்டையும் சிரிப்புமாக அந்தக் காலை போகும். வேறு வளையம் விழவே இல்லை.

போன மாசியில் நாத்தனார் காலமானார். காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப்போன அடுத்த ஞாயிறு, இவர் துளசித் தொட்டியை ஒரு பக்கம் பிடித்துக் குனிந்தவர், “புடிக்கா” என்றார். சொன்ன பிறகு நிமிரவும் இல்லை, தூக்கவும் இல்லை. நான் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தேன். கண்ணை நீர் மறைக்க, தொட்டியை இழுத்துவிட்டேன்.

“இழுக்காத, தூக்கு” என்றார்.

தூக்கினோம். எங்கே வைப்பது என்று கேட்டேன். அவர் தலையால் அந்தக் கறுப்பு வளையத்துக்கு மேல் நின்ற ஸ்டாண்டைக் காட்டினார்.

“அங்கயே வை. அக்கா வச்ச எடம்.”