இழுத்துப் பாத்துட்டு எடு

கடைத்தூணில் அடித்திருக்கும் இரும்பு வளையத்தில் பூட்டை மாட்டி, கால்களைத் தரையில் அழுத்தி ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் கையில் இறக்கி மூன்று முறை இழுக்கிறார் சாமுண்டீஸ்வரி. பூட்டு அசையவில்லை. அதோடு விட்டுவிட மாட்டார். வாங்க வந்தவரும் இழுக்க வேண்டும். "இழுத்துப் பாத்துட்டு எடு சார். அப்பால வந்து கொற சொல்லக் கூடாது." இஸ்திரி கசங்கும் என்று கூச்சப்படுகிற பேங்க் ஆபீசருக்கும் விலக்கில்லை. கைக்குழந்தையோடு வருகிற பெண்கள், குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு இழுப்பார்கள். குழந்தை அழுதால் அவர் கையில் சாவிக்கொத்து தயாராக இருக்கும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி ரோட்டைப் பார்த்த ஹார்டுவேர் கடை. முன்பக்கம் சிமெண்டும் கம்பியும் கணவர் முனிரத்தினத்தின் ராஜ்யம். பெயின்ட் டப்பாக்களுக்கு அப்பால், சுவர் நிறையப் பூட்டு தொங்குகிற பகுதி அம்மணியுடையது. ஒருமுறை அவர் இல்லாத நேரத்தில் முனிரத்தினமே ஒரு பூட்டை எடுத்து விற்றுவிட்டார். "யாருக்குக் குடுத்தே? எந்தக் கதவுக்கு?" என்று கேட்டபோது பாவம், மனிதருக்குப் பதில் தெரியவில்லை. வாங்கியவரைத் தேடிப் பிடித்துச் சரியான பூட்டை மாற்றிக் கொடுக்கும் வரை அவருக்கு வீட்டில் சுடுசோறு கிடைக்கவில்லை என்று பக்கத்து மளிகைக்கடையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நாலைந்து வருஷமாக இந்தப் பக்கம் நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகிக்கொண்டிருக்கிறது. புது வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் திருடன் பயம். சாமுண்டீஸ்வரிக்கோ திருடனைப் பற்றிப் பெரிய அக்கறை கிடையாது. வீட்டில் இருப்பவர்களைப் பற்றித்தான் விசாரிப்பார். "யாரு மொதல்ல வூட்டுக்கு வர்றது? யாரு கடசியா வர்றது? கதவு முன்னாடி யாரு நின்னுகினு கெடப்பாங்க?" பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாள்கூட இத்தனை கேட்டிருக்க மாட்டார்.

போன வருஷம் பள்ளி ஆசிரியர் எலியேசர் வந்தார். மனைவி ஞானசௌந்தரியும் ஆசிரியைதான்.

"இருக்கறதிலேயே பெரிய பூட்டா ஒண்ணு குடுங்கம்மா, வாசக்கதவுக்கு."

"பகல்ல வூட்ல யாரு சார்?"

"யாரும் இல்ல. ரெண்டு பேருமே ஸ்கூலுக்குப் போயிடுவோம்."

"அப்போ இம்மாம் பெரிய பூட்டத் தொங்கவுட்டு, வூட்ல யாரும் இல்ல, வாங்கன்னு போர்டு வெக்கப் போறியா? நைட் லாட்ச் போடு. வெளிய பாத்தா சாவி ஓட்ட மட்டும்தான் தெரியும். உள்ள ஆள் கீதா இல்லியான்னு எவனுக்கும் தெரியாது."

எலியேசர் சம்மதித்துவிட்டார். ஞானசௌந்தரி மட்டும் நைட் லாட்சைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, சாயங்காலம் எங்களுக்கு முன்னாடி பசங்க வந்துடுவாங்க. ஆசாரி இதை அவர் உயரத்துக்கு வெச்சிட்டுப் போயிடுவார். எங்க சின்னவளுக்கு எட்டணுமே?"

சாமுண்டீஸ்வரி நைட் லாட்சை வாங்கித் தன் இடுப்பு உயரத்துக்கு வைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் விசாரணையில் இன்னொரு கேள்வி சேர்ந்துகொண்டது: "பசங்க எம்மாம் ஒசரம் கீறாங்க?" கேட்டவர்கள் வியந்தால், "அது டீச்சரம்மா குடுத்த கேள்வி" என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவார்.

அவருடைய அபிப்பிராயங்கள் உறுதியானவை. வாசலில் தேக்குக் கதவும் பித்தளைப் பூண்களும் வைத்துவிட்டுக் கொல்லைப்புறத்துக்கு மெல்லிய பலகை அடிப்பவர்களிடம், "முன்கதவு சிங்கமாட்டம் கீது, பின்கதவு அப்பளமா கீதே" என்பார். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாள் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் ஒரு உதையில் பிய்த்துக்கொண்டு வர வேண்டும். சாவியை மீட்டர் பெட்டியிலும் பூந்தொட்டியிலும் செருப்புக்குள்ளும் ஒளித்து வைப்பவர்களைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார். "எதிர் வூட்டு அக்காகிட்ட குடு. அக்காவ நம்ப முடியல, தொட்டிய நம்புறியா?"

இன்னொரு பழக்கம். பூட்டோடு வந்த சாவிகள் அத்தனையும் கல்லாப்பெட்டிக்கு அந்தப் பக்கம் போயாக வேண்டும். வாங்குபவர், "ஒண்ணு இங்கயே இருக்கட்டும், தொலைஞ்சா வந்து வாங்கிக்கறேன்" என்று கெஞ்சினாலும் நடக்காது. ஊரான் வீட்டுச் சாவி ஒன்றே ஒன்று கடையில் தங்கினாலும் அன்றைக்கே கடையை மூடிவிடலாம் என்பது அவர் கட்சி.

இப்படி ஊரார் கதவையெல்லாம் குடைந்து குடைந்து விசாரித்தவர், தன் பிறந்த வீட்டுக் கதவுக்கு மட்டும் ஒன்றுமே கேட்காமல் பூட்டு கொடுத்துவிட்டார்.

பிறந்த வீடு பொழிச்சலூரில். அம்மா கங்கையம்மாள் காலமான கையோடு அண்ணன் குப்புராஜ் கடைக்கு வந்து, "நல்ல பூட்டா ஒண்ணு குடு சாமுண்டி" என்றார். திண்டுக்கல்லிலிருந்து அன்றுதான் ஒரு பெட்டி மாங்காய்ப் பூட்டு வந்திருந்தது. எடுத்துக் கொடுத்தார். சில நாள் கழித்துத் தம்பி பொன்னுரங்கம் வந்து, "ஒஸ்தியா ஒண்ணு எடுக்கா" என்றார். அதே பெட்டியிலிருந்து அதே ரகம். இருவருக்கும் தனித்தனியாக மாடி வீடு இருக்கிறது. அவரவர் வீட்டுக்குத்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். நம்ம ஆளுங்கதானே, என்னத்தைக் கேட்பது?

அடுத்த முறை பொழிச்சலூருக்குப் போனபோதுதான் பார்த்தார். அம்மா வீட்டுக் கதவில், ஒரே நாதாங்கியில், இரண்டு பூட்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ரோட்டுப் பக்கத்துப் பாதி யாருக்கு என்ற தகராறில் அண்ணன் முதலில் பூட்டினாராம். நீ மட்டும்தான் பூட்டுவாயா என்று தம்பி அதன் மேல் பூட்டினாராம். இரண்டு சாவியும் ஒன்றாக வந்தால்தான் கதவு திறக்கும். இரண்டு சாவியும் ஒன்றாக வருகிற வழியாகத் தெரியவில்லை. சாமுண்டீஸ்வரி கடைக்குத் திரும்பி, மீதிப் பூட்டுகள் இருந்த திண்டுக்கல் பெட்டியைப் பரண் மேல் தள்ளிவிட்டார். அந்த ரகம் கேட்டு வந்தவர்களிடம், "ஸ்டாக் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கம்தான், வேறென்ன?

ஆடி மாதம் வந்தது. கங்கையம்மாள் இருந்தவரை, ஆடி மூன்றாம் ஞாயிறு அந்த வீட்டு வாசலில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். தெருவே செம்பும் தூக்கும் எடுத்துக்கொண்டு வரும். போன ஆடியில் அம்மாவின் வருஷத் திதி முடியாததால் வார்க்கவில்லை. இந்த ஆடியும் தவறினால், அதற்கப்புறம் ஒரேயடியாக நின்றுபோகும். அண்டா, கரகச்செம்பு, அம்மன் படம், எல்லாம் பூட்டின வீட்டுக்குள். வேறு வீட்டில் வார்க்கலாம் என்றால் யார் வீட்டில்? அதற்கும் ஒரு சண்டை.

பொழிச்சலூரிலிருந்து அம்மாவின் சிநேகிதி முனியம்மா, பஸ் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். "நீ வித்த பூட்டுதானே சாமுண்டி? உங்கிட்ட ஒரு சாவி கூடவா இல்லாம பூடும்?"

சாமுண்டீஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் வித்த பூட்டுக்கு எங்கிட்ட சாவி இருந்தா, நான் கடக்காரி இல்ல, திருடி."

முனிரத்தினம் மெதுவாக ஒரு யோசனை சொன்னார். "ஆக்ஸா பிளேடு எடுத்துகினு போனா நாதாங்கிய அறுக்க எம்மா நேரம் ஆவும்?"

"அறுத்தா ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துகினு என் மேல பாய்வாங்கய்யா."

"அதுலயாவது ஒண்ணா சேரட்டுமே" என்றார் முனிரத்தினம்.

சிரிக்கக்கூடாது என்று பார்த்தார் சாமுண்டீஸ்வரி, சிரித்துவிட்டார். சிரித்ததில் தெம்பு வந்தது. மறுநாளே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் வீட்டில் உட்காராமலே சொன்னார்: "சனிக்கெழம காலைல சாவியோட அம்மா வூட்டுக்கு வா. தெருவே அங்க நிக்கும். எந்தப் பூட்டு தொறக்கலியோ, அதான் கூழ நிறுத்துச்சுன்னு அவங்களே பாத்துக்கட்டும். நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்." தம்பி வீட்டிலும் அதே பேச்சு, ஒரு எழுத்து மாறாமல். "அவன் வரானா?" என்று அண்ணன் கேட்டார். "அவுரு வராரா?" என்று தம்பி கேட்டார். இருவருக்கும் ஒரே பதில்தான்: "உன் பூட்டப் பத்தி மட்டும் நீ பேசு."

சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். யார் முதலில் திறப்பது என்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்கள். முனியம்மா தொண்டையைச் செருமியதும் இரண்டு சாவியும் வெளியே வந்தன. கழற்றிய பூட்டை யாரும் கீழே வைக்கவில்லை. குப்புராஜ் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. பொன்னுரங்கம் மடித்துக் கட்டிய லுங்கிக்குள் செருகிக்கொண்டு, அது விழாமல் இருக்க ஒரு தினுசாக நடந்தார்.

சாமுண்டீஸ்வரி கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்து, ராத்திரி அங்கேயே தங்கி, மறுநாள் காய்ச்ச வேண்டும். அதுவரை வீடு திறந்தே கிடக்கும். பூட்டில்லாத வீட்டில் மற்றவரை விட்டுவிட்டுப் போக இருவருக்கும் மனமில்லை. ஆகவே இருவரும் அங்கேயே, ஆளுக்கு ஒரு மூலையில், பாயைப் போட்டுப் படுத்தார்கள். அம்மா போனபிறகு அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான். சாமுண்டீஸ்வரிக்கு அழுகை வந்தது. விளக்கை அணைத்த பிறகுதான் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை, அந்த அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மற்ற ஆண்களெல்லாம் தற்செயலாக எங்கோ போயிருந்தார்கள். அனுப்பியது யார் என்று கேட்க வேண்டாம். ஒரு பக்கக் காதை அண்ணன் பிடித்தார், மறுபக்கத்தைத் தம்பி பிடித்தார். "பாத்து, சூடு" என்று குப்புராஜ் சொன்னது பொதுவாகச் சொன்னதா, தம்பிக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. தெரு முழுக்கக் கூழ் வாங்கிக்கொண்டு போனது.

சாயங்காலம் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. இரண்டு பூட்டுகளும் பையிலிருந்தும் லுங்கியிலிருந்தும் வெளியே வந்தன. பழையபடி நாதாங்கியில் மாட்டப் போனவர்களைச் சாமுண்டீஸ்வரி கையை நீட்டித் தடுத்தார். கடையிலிருந்து கொண்டுவந்த துணிப்பையைத் திறந்து ஒரு இரும்புச் சங்கிலியை எடுத்தார். இரட்டைக் கதவின் இரண்டு வளையங்களிலும் அதைக் கோத்தார்.

"இன்னா பண்றே?" என்றார் குப்புராஜ்.

"சங்கிலியோட இந்த மொனையில உன் பூட்டு. அந்த மொனையில அவன் பூட்டு. பூட்டுக்குள்ள பூட்ட மாட்டிட்டா சங்கிலி சேந்துக்கும். எவன் தொறந்தாலும் கதவு தொறக்கும்."

பொன்னுரங்கம் திகைத்தார். "அப்போ அண்ணன் எப்போ வேணா உள்ள பூடுவாரே?"

"பூடுவாரு. நீயும் பூடுவே."

"ஏதாச்சும் எடுத்துகினு போனான்னா?" என்றார் குப்புராஜ்.

"எடுக்கட்டும்ணா. அம்மா சாமான அவன் எடுக்காம, பள்ளிக்கரணைலேர்ந்து எவனாவது வந்து எடுக்கணுமா? பாதி யாருக்குன்றது அப்பால பேசு, கோர்ட்டுல கூடப் பேசு. அம்மா வூட்டுக்கு வெளிய நிக்கறவங்க யாருன்னு நான் மொதல்ல கேட்டிருக்கணும். கேக்காம வித்துட்டேன். இப்போ கேக்கறேன்."

இருவரும் பூட்டுகளை நீட்டினார்கள். அண்ணனுடையதை வாங்கிச் சங்கிலியின் ஒரு முனையில் கோத்தார். தம்பியுடையதை மறுமுனையில் கோத்தார். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டப் போன கை நின்றது. துணிப்பைக்குள் மறுபடி போய், மூன்றாவது பூட்டு ஒன்றை எடுத்தது. அதே மாங்காய்ப் பூட்டு. பரண் மேலிருந்த அதே பெட்டியிலிருந்து வந்தது.

"இது யாருக்கு?" என்றார் பொன்னுரங்கம்.

"எனக்கு."

அண்ணன் பூட்டின் வளையத்தில் தன் பூட்டை மாட்டினார். தன் பூட்டின் வளையத்தில் தம்பி பூட்டை மாட்டினார். மூன்றையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பூட்டி, தன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு வாசற்படியில் காலை ஊன்றி, உடம்பின் கனத்தையெல்லாம் கையில் இறக்கி மூன்று முறை இழுத்தார். சங்கிலி அசையவில்லை.

கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். "இழுத்துப் பாருங்க" என்றார்.

குப்புராஜின் கை வந்து சங்கிலியைப் பிடித்தது. அது விலகுவதற்குள் பொன்னுரங்கத்தின் கையும் வந்தது.