காரியத்தன்று வேண்டா சொன்னது

மகன் வெங்கடேசன் நெஞ்சு வலியில் இறந்துபோனான் என்றுதான் முனிசாமி ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். படிக்கிற பையனுக்கு ஏது நெஞ்சு வலி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தங்கள் வீட்டுப் பையன்களைப் பற்றியும் பேச வேண்டிவரும் என்று பலருக்குத் தெரிந்திருந்தது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர். முனிசாமி லோடு ஆட்டோ ஓட்டினார். அவர் மனைவி வேண்டா ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்குப் போனாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர் அது. அதிகம் பேச மாட்டாள். மகன் சரியாகச் சாப்பிடாததையும், முழுக்கைச் சட்டையோடே தூங்கியதையும் அவள் கவனித்துக் கேட்டபோது, "படிப்பு டென்சன்மா" என்றான். நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

காரியத்தன்று மகனின் கூட்டாளி செல்வராஜ் பந்தலில் வந்து உட்கார்ந்தான். கொளுத்துகிற வெயிலில் அவனும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். கண்கள் உள்ளே போயிருந்தன. வேண்டா அவனையே பார்த்தாள். இலை போடும் நேரத்தில் எழுந்து நின்றாள்.

"நெஞ்சு வலின்னு சொல்லிகினு கீறோமே, அது பொய்யி. எம்புள்ள போதைக்கு மாத்தர, ஊசின்னு போட்டுதான் செத்தான். செத்தப்பறம் அவன் கையெல்லாம் ஊசித் தழும்பு, நானே பாத்தேன்."

"இன்னாடி பேசுற," முனிசாமி அதட்டினார். "மானத்த வாங்காத. வுள்ள போ."

"போனா போவுது. இன்னொரு வூட்டுல இந்தப் பந்தல் வேணாம்."

யாரும் இலையில் கை வைக்கவில்லை. செல்வராஜின் அம்மா ஆராயி மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்றிலிருந்து முனிசாமி மனைவியோடு பேசுவதை நிறுத்தினார். ஆனால் ஆராயி வந்தாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எம்புள்ளயும் அப்படித்தான் கீறான்க்கா" என்று அழுதாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து சுகாதார நிலையத்து நர்ஸ் தமிழ்ச்செல்வியிடம் போனார்கள்.

"அடிக்காதீங்க, பூட்டி வைக்காதீங்க," என்றாள் அவள். "தூக்கம் வராம, யார்கிட்டயும் பேசாம ஒதுங்குறப்பவே கூட்டிட்டு வாங்க. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரில டாக்டர் இருக்காங்க. நான் சொல்லி அனுப்புறேன்."

டாக்டர் சீட்டில்லாமல் மாத்திரை கொடுத்துவந்த மருந்துக்கடை வாசலில் பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் முதலில் சத்தம் போட்டார். பிறகு கொடுப்பதை நிறுத்தினார். ஞாயிறு மாலைகளில் பள்ளி மைதானத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடினார்கள். முதல் வாரம் பெரியவர்கள் ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்துவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த வாரம், "பெயிலானா வூட்டுல இன்னா சொல்வாங்கன்னு பயமா கீதா?" என்று வேண்டா பிள்ளைகளைக் கேட்டாள். பத்தாவது படிக்கிற ஒரு பெண் தலையாட்டினாள். பேச்சு அங்கிருந்து தொடங்கியது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. செல்வராஜ் ஆஸ்பத்திரிக்குப் போனான், வந்து மறுபடி போதையில் விழுந்தான், திரும்பவும் போனான். கீழத்தெருவில் ஒரு பையனைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டில் யாரும் நெஞ்சு வலி என்று சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் செல்வராஜ் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டு ரோட்டில் நின்றிருந்தான். முனிசாமி வண்டியை நிறுத்தி, "ஏறு" என்றார். மதியம் வீடு திரும்பியவர், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வழியெல்லாம் நம்ம வெங்கடேசனப் பத்தியே பேசிகினு வந்தான். எனக்கு ஒன்னுமே தெரியாம இருந்துகீது."

வேண்டா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னான், சொல்லு."