முகூர்த்தம் இல்லாத மாதத்தில் காட்டிய வீடு

1. மூடி வைக்கும் ஜன்னல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஜன்னல்களைப் பற்றித்தான். எந்த வீட்டில் எதைத் திறக்க வேண்டும், எதைத் திறக்கவே கூடாது என்று.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மந்தைவெளியில் ஓர் அப்பார்ட்மென்டில் வாட்ச்மேனாக இருந்தேன். அடையாறில் ஹவுஸ் புரோக்கர் ஆபீஸ் வைத்திருந்த ஜெயசீலன் அண்ணன் அங்கே வந்துபோவார். சொந்தக்காரர்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீடுகளின் சாவிகள் அவரிடம் நாற்பதுக்கு மேல் இருந்தன. திறந்து காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது.

"வாய் தொறக்காத ஆள்தான் எனுக்கு வோணும் சேகரு. பேசறத நான் பாத்துக்கறேன். நீ கதவத் தொற, லைட்டப் போடு, ஓரமா நில்லு" என்றார்.

எனக்கும் அது வசதியாக இருந்தது. புது மனிதர்களைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ஐம்பது வயது நெருங்கியும் அது மாறவில்லை.

சாவிகளை அடையாளம் காண ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் கட்டிக்கொண்டேன். பார்ட்டி வருவதற்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுவேன். எல்லாக் குழாய்களையும் திறந்து துருத் தண்ணீர் போகும்வரை விடுவேன். பாத்ரூமில் பினாயில் ஊற்றுவேன். காற்று வரும் ஜன்னல்களைத் திறப்பேன். டிரான்ஸ்பார்மர் பக்கம், குப்பைத்தொட்டி பக்கம் இருப்பவற்றை மூடித் தாழ்ப்பாள் போடுவேன்.

மயிலாப்பூர் பக்கம் இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் இருந்தது. சாவியில் சிவப்பு நூல். நல்ல ஹால், இரண்டு பெட்ரூம், லிப்ட் உண்டு. அதன் சமையலறை ஜன்னலை மட்டும் எப்போதும் மூடியே வைக்க வேண்டும் என்பது அண்ணன் உத்தரவு. அதைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம். கவிழ்த்து வைத்த அண்டாக்கள், எக்ஸாஸ்ட் பேன், ஒரு லாரி அளவுக்கு ஜெனரேட்டர்.

2. ஆடியில் வந்தவர்

உள்ளூர்க்காரர்கள் வீடு பார்க்க வந்தால் தெருவில் நுழையும்போதே பக்கத்தில் மண்டபம் இருக்கிறதா, கோயில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். அந்த ஃபிளாட்டுக்கு அவர்கள் யாரும் வரவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது தெரியாது. அவர்கள் பார்ப்பது வேறு. தண்ணீர் இருக்கிறதா, கரண்ட் போனால் என்ன, கொசுவலை அடித்திருக்கிறதா. பக்கத்துக் கட்டடம் இன்று அமைதியாக இருந்தால் என்றும் அமைதியாக இருக்கும் என்று நம்பிவிடுவார்கள்.

அதனால் அந்த வீட்டை அண்ணன் இரண்டே மாதங்களில்தான் காட்டுவார். ஆடி, மார்கழி. இரண்டிலும் கல்யாணம் கிடையாது.

அப்படி ஓர் ஆடியில் வந்தவர் மார்க். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சிரித்த முகம், எனக்கும் கைகுலுக்குவார். பதினோரு மாத அக்ரிமென்ட், அதற்கு முன்னால் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடிவந்தார்.

ஆவணி பிறந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை ரிசப்ஷன், லைட் மியூசிக். நடுவில் டெம்போவிலிருந்து பாத்திரம் இறக்கும் சத்தம். விடிவதற்கு முன்பே நாதஸ்வரம், தவில். வளர்பிறை வந்துவிட்டால் வாரத்தில் மூன்று கல்யாணம். மார்க் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார், பெட்ரூமை மாற்றிப் பார்த்தார். எங்கள் ஆபீசுக்கு வந்து கேட்டபோது அண்ணன் அக்ரிமென்டை எடுத்துக் காட்டினார்.

பதினோரு மாதம் முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் என்னிடம் கேட்டார். "சேகர், யூ நியூ?"

உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கிறார், எனக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கோபப்படவில்லை. அன்றும் கைகுலுக்கிவிட்டுத்தான் போனார். கோபப்பட்டிருந்தால் நான் மறந்திருப்பேன்.

3. மார்கழியில் வந்தவர்கள்

அடுத்த மார்கழியில் ஆன்னா மேடம் வந்தார். போலந்து நாடு. தரமணியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று வருட வேலை. கூடவே மகள் ஹானியா, ஏழு வயது. கணவர் பிறகு வருவதாகச் சொன்னார்.

ஹானியாவுக்குச் சத்தம் ஆகாது. பிறவியிலேயே அப்படி. ஹாரன் அடித்தால்கூட இரண்டு கையாலும் காதை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த மாதிரிக் குழந்தைகளுக்கான வகுப்பு ஒன்று மயிலாப்பூரில் இருந்தது. அதனால்தான் வேலைக்குத் தூரமானாலும் அங்கேயே வீடு வேண்டும், நடந்து போகிற தூரத்தில் வேண்டும், அமைதியாக வேண்டும் என்று கேட்டார். மேடம் இதையெல்லாம் போனில் அவர்கள் பாஷையில் சொல்லுவார். போன் அதைத் தமிழில், செய்தி வாசிப்பது போலத் திருப்பிச் சொல்லும்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "செவப்பு நூலு" என்றார்.

சமையலறை ஜன்னலை மூடி வைத்துக் காட்டினேன். ஹானியா ஹாலின் நடுவில் நின்று காதிலிருந்து கையை எடுத்தது. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. திங்கட்கிழமை அக்ரிமென்ட் என்று முடிவானது. திரைச்சீலைக்கு அளவெடுக்க அதற்கு முன் ஒருமுறை வர வேண்டும் என்றார்.

அந்த இரண்டு நாளும் எனக்கு அதே யோசனைதான். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். எப்படிச் சொல்வது, என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது, அண்ணன் என்ன சொல்வார் என்று யோசித்தால் வாய் கட்டிவிடும். கடைசியில் வாயைத் திறக்காமலே தெரிய வைக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். கல்யாணம் இல்லாத மாதத்தில் ஜெனரேட்டர் துருப்பிடிக்காமல் இருக்க, மண்டபத்து எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டுவார். மேடத்தைச் சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு வரச் சொன்னேன். அவர் ஹானியாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். வந்ததும் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆனது.

ஹானியா அலறிய அலறலை என்னால் எழுத முடியாது. சமையல் மேடைக்குக் கீழே போய் ஒடுங்கிக்கொண்டது. மேடம் தன் துப்பட்டாவால் அதன் தலையை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் ஜன்னலை மூட ஓடினேன், அவசரத்தில் தாழ்ப்பாள் விழவில்லை. மெஷின் நின்ற பிறகும் குழந்தைக்குத் தேம்பல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

நான் ஒரு வார்த்தை பேசக் கூச்சப்பட்டு, அதை ஜெனரேட்டரை வைத்து ஒரு குழந்தையின் காதில் சொல்லியிருந்தேன்.

மேடம் போனை எடுத்துப் பேசினார். போன் கேட்டது: "இந்த ஒலி இன்று மட்டும் தானா?"

இல்லை என்று தலையாட்டினால் எத்தனை நாள் என்று கேட்பார். ஆமாம் என்று தலையாட்டினால் எல்லாம் முடிந்துவிடும், திங்கட்கிழமை கையெழுத்து. தலையாட்டி முடிக்கிற விஷயம் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கீழே ஓடி வாட்ச்மேன் அறையில் மாட்டியிருந்த புதுத் தேதி காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அதன் அட்டையில் வருஷத்தின் முகூர்த்த நாட்களெல்லாம் வரிசையாக அச்சடித்திருக்கும். போனுக்கு முன்னால் குனிந்து, பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"இது திருமண மண்டபம். இந்த மாதம் திருமணம் இல்லை. தை மாதம் முதல் இந்த நாட்களில் எல்லாம் திருமணம். இதைவிடப் பெரிய சத்தம். இந்த வீடு உங்கள் குழந்தைக்கு வேண்டாம்."

போன் அதை அவர்கள் பாஷையில் சொன்னது. மேடம் காலண்டர் அட்டையில் விரலை வைத்து ஒவ்வொரு தேதியாக எண்ணிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தேங்க் யூ" என்றார். அவ்வளவுதான்.

4. பச்சை நூல்

அண்ணனுக்கு விஷயம் நான் போய்ச் சேர்வதற்கு முன்பே போயிருந்தது.

"வாய் தொறக்க மாட்டான்னுதானேடா உன்ன வச்சேன். ரெண்டு வருசமா பொத்திக்கினு இருந்துட்டு, இப்ப வந்து தொறக்கறியே. சாவிக்கொத்த வச்சுட்டுப் போய்க்கினே இரு" என்றார்.

கொத்தை மேஜைமேல் வைத்தேன். வைக்கும்போதுதான் பச்சை நூல் கட்டிய சாவி கண்ணில் பட்டது. ஒன்றரை வருஷமாக அதை யாரும் எடுக்கவில்லை. ஹானியாவின் வகுப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாமி வீட்டின் மாடிப் போர்ஷன். மாமியின் கணவர் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். சத்தம் கேட்டால் அவர் உடம்பு தூக்கிப்போடும். அதனால் டிவி சத்தம் வெளியே கேட்கக் கூடாது, மத்தியானம் மிக்ஸி போடக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது என்று மாமி கண்டிஷன் போடுவார். வந்த குடும்பமெல்லாம் படியிலேயே திரும்பிவிட்டன.

"அண்ணே, மாமி வீடு" என்றேன்.

"அங்க எவன் இருப்பான்? தும்முனா கூட லெட்டர் எழுதிக் குட்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட, ஆமாம்பா" என்றார். பிறகு, "பேசத்தான் ஆரம்பிச்சிட்டியே, நீயே போய்ப் பேசு" என்று கொத்தை என் பக்கமே தள்ளினார்.

மாமி கதவைப் பாதிதான் திறந்தார். குழந்தை இருக்கிறது என்றதும் முகம் மாறியது.

"குழந்தை இருக்கற ஆத்துல சத்தம் வராம இருக்குமா சேகர்? இவர் படற அவஸ்தையை நீயே பாத்திருக்கியே."

அந்தக் குழந்தைக்கும் சத்தம் ஆகாது என்று சொன்னேன். மாமி நம்பவில்லை. மறுநாள் மேடத்தையும் ஹானியாவையும் அழைத்துவந்தேன். தெருவில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. வாசலில் ஹானியா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தது. மாமி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளே அழைச்சுண்டு வா" என்றார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் அவருக்கு இருந்தன. வெளிநாட்டுக்காரரைக் குடிவைத்தால் போலீஸ் வருமாமே என்றார். போலீஸ் வராது, சி ஃபாரம் என்று ஒன்று உண்டு, குடிவந்த இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் பெயரில் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், அண்ணன் பதிந்து கொடுப்பார் என்று விளக்கினேன். இதைச் செய்யாமல் விட்டு விசா நீட்டிக்கும் நேரத்தில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது சமையல். மேடம் இறைச்சி சமைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார், முட்டையை மட்டும் கேட்டார்.

"கேக்குக்குள்ளே போயிடுத்துன்னா நேக்குத் தெரியப்போறதில்லை" என்றார் மாமி. போன் அதை மொழிபெயர்த்ததும் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் சிரிக்கும் முறையை அப்போதே கற்றுக்கொண்டுவிட்டார்.

அக்ரிமென்டில் மாமியின் கண்டிஷன்கள் ஒரு பக்கம் இருந்தன. மேடம் ஒன்றைக்கூட அடிக்கச் சொல்லவில்லை. அவர் சேர்க்கச் சொன்னது ஒரே வரி: இந்தக் கண்டிஷன்கள் வீட்டுக்காரருக்கும் பொருந்தும்.

மேடத்தின் கணவரும் பிறகு வந்து சேர, மூன்று வருடமும் அங்கேயே இருந்தார்கள். தரமணியில் அவர் சொல்லி எங்களிடம் வீடு கேட்டு வந்தவர்கள் பலர். ஹானியா சாயங்காலம் கீழே வந்து மாமியின் கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரையும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவரால் பேச முடியாது, ஹானியாவுக்குப் பேச்சு தேவைப்படவில்லை.

சிவப்பு நூல் ஃபிளாட்டும் சும்மா கிடக்கவில்லை. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிற ஓர் அம்மா வீடு தேடி வந்தார். நான் முதலில் சமையலறை ஜன்னலைத்தான் திறந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "மண்டபம் இவ்ளோ கிட்டயா கீது? இத ஏன் விளம்பரத்துல போடல நீங்க?" என்று எங்களையே திட்டினார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எல்லா வீட்டுக்கும் ஏற்ற ஆள் உண்டு, அவர் வரும்வரை ஜன்னலை மூடி வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் வந்து நிற்பார். அவர் கேட்காததையும் நாம்தான் சொல்ல வேண்டும். எனக்கு இன்றும் கூச்சம் போகவில்லை. ஆரம்பிக்கும்போது குரல் கம்மும். கம்மினாலும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பெசன்ட் நகரில் ஒரு வீடு காட்டக் கிளம்பினேன். பார்ட்டி பிரேசில் நாட்டிலிருந்து. படியிறங்கும்போது ஜெயசீலன் அண்ணன் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சேகரு, காலண்டர எட்த்துக்கினியா?"